பேக்கப் சர்வீஸ் ஓடலையா? ரீஇன்ஸ்டால் பண்ணாதீங்க!

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் கம்ப்யூட்டர் பேச்சு. கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களுக்கு மட்டும்னு நினைச்சு சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் ஓடிடாதீங்க. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை எங்கேயாவது சேமிச்சு வெச்சிருக்கிற எல்லாருக்கும் இதுல பங்கு இருக்கு. கொஞ்சம் காரமாத்தான் எழுதப் போறேன், பொறுத்துக்கோங்க.

விண்டோஸ்ல "சர்வீஸ்"னு ஒண்ணு உண்டு. திரையில எதுவும் காட்டாம, யாரும் லாகின் பண்ணாட்டிக்கூடப் பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கிற ப்ரோக்ராம். பேக்கப் சாஃப்ட்வேர் பெரும்பாலும் இந்த வகைதான். ராத்திரி எல்லாரும் தூங்குறப்போ அது முழிச்சிருந்து ஃபைல்களை வேற இடத்துல பிரதி எடுத்து வைக்கும். ஒருநாள் அந்த சர்வீஸ் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. உடனே என்ன பண்றோம்? விஷயம் தெரிஞ்ச ஒரு அண்ணன்கிட்ட போறோம்.

"ரீஸ்டார்ட் பண்ணியா?"
"பண்ணேண்ணா, வரலை."
"அப்போ அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போடு."

அதுக்கும் மசியலைன்னா, "அட்மின் அக்கவுண்ட் குடுத்துடு". அதுக்கும் மசியலைன்னா, "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணு". உலகம் பூரா இந்த மூணு மந்திரம்தான். எந்த ஊர் அண்ணனைக் கேட்டாலும் இதேதான் வரும்.

இந்த மூணும் வைத்தியம் கிடையாது, தடயத்தை அழிக்கிற வேலைங்கறதுதான் என் கட்சி. மத்த சாஃப்ட்வேர்ல இப்படிப் பண்ணினா நேரம்தான் வீண். பேக்கப் சாஃப்ட்வேர்ல பண்ணினா உங்க ரெண்டு வருஷ உழைப்பே போகலாம்.

பேக்கப் மட்டும் ஏன் ஸ்பெஷல்?

பிரிண்டர் சர்வீஸ் செத்துப்போச்சுன்னு வைங்க. அஞ்சு நிமிஷத்துல யாராவது வந்து கத்துவாங்க. இன்டர்நெட் போச்சுன்னா அஞ்சு நொடியிலேயே கத்துவாங்க. பேக்கப் செத்தா யார் கத்துவா? யாருமில்லை. ஏன்னா அதை தினமும் யாரும் பயன்படுத்துறதில்லை. அது தேவைப்படுறது ஹார்ட் டிஸ்க் போற அன்னிக்கு மட்டும்தான். அன்னிக்குப் போய்த் திறந்து பாத்தா, கடைசி பேக்கப் மூணு மாசத்துக்கு முந்தினது.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. ஜிட்லேப் கதையைப் பாருங்க. 2017 ஜனவரி 31 அன்னிக்கு அந்தக் கம்பெனி எஞ்சினியர் ஒருத்தர் ராத்திரி நேரத்துல தப்பான சர்வர்ல டேட்டாபேஸ் ஃபோல்டரை அழிச்சுட்டார். 300 ஜிபி வாக்குல இருந்த டேட்டாவுல நிறுத்தும்போது 4.5 ஜிபிதான் மிச்சம். சரி, பேக்கப்புல இருந்து எடுத்துக்கலாம்னு போனா, பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலி! டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6. பேக்கப் எடுக்கிற கருவியோ 9.2. வெர்ஷன் ஒத்துவராம தினமும் தோத்துக்கிட்டே இருந்திருக்கு. தோல்வியைச் சொல்ல வேண்டிய மெயிலும், அனுப்புனர் சரிபார்ப்புல சிக்கித் திரும்பிப் போயிருக்கு. கடைசியில வேற ஒரு காரணத்துக்காக ஆறு மணி நேரம் முன்னாடி எதேச்சையா எடுத்த ஒரு பிரதிதான் காப்பாத்துச்சு. அப்படியும் சுமார் 5,000 ப்ராஜெக்ட்டும் 5,000 கமெண்ட்டும் 700 புதுப் பயனர் கணக்கும் போனது போனதுதான்.

அது லினக்ஸ் சர்வர்தான், விண்டோஸ் இல்லை. ஆனா வியாதி ஒண்ணுதான். பேக்கப் நின்னுபோச்சு, நின்னுபோனது யாருக்கும் தெரியலை. இதுல கவனிக்க வேண்டிய இன்னொண்ணு, ஜிட்லேப் நடந்ததை ஒளிக்காம ஊருக்கே எழுதிச் சொன்னாங்க. அதனாலதான் நாம இன்னிக்குப் பாடம் படிக்க முடியுது. எத்தனை ஆபீஸ்ல, எத்தனை காலேஜ்ல இது நடந்து மூடி மறைக்கப்பட்டிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

நம்பரைப் படிங்கப்பா

விண்டோஸை எவ்வளவோ திட்டலாம். நானும் திட்டுவேன். ஆனா இந்த விஷயத்துல அது நியாயமாத்தான் நடந்துக்குது. ஒரு சர்வீஸ் ஸ்டார்ட் ஆகலைன்னா சும்மா "ஆகலை"ன்னு சொல்லாது, கூடவே ஒரு எண்ணும் குடுக்கும். நாமதான் அந்தப் பெட்டியைப் படிக்காமலே ஓகே அமுக்கிட்டு அண்ணனைத் தேடி ஓடுறோம்.

1053 வந்தா என்ன அர்த்தம்? சர்வீஸ் குறிச்ச நேரத்துக்குள்ள "நான் வந்துட்டேன்"னு பதில் சொல்லலை. அந்த நேரம் வழக்கமா 30 நொடி. சர்வர் பூட் ஆகுறப்போ எல்லா சர்வீஸும் ஒரே நேரத்துல முட்டி மோதும், நம்ம ஆள் கூட்டத்துல மாட்டிக்குவார். இல்லைன்னா பழைய டாட்நெட்டுல எழுதின ப்ரோக்ராமா இருக்கும். டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபாக்க இன்டர்நெட்டுக்குப் போகும், அந்த சர்வருக்கு இன்டர்நெட்டே இருக்காது, காத்திருந்து காத்திருந்து 30 நொடி ஓடிடும். இதுக்கு "ஆட்டோமேட்டிக், டிலேய்ட் ஸ்டார்ட்"னு மாத்தினாலே பாதி கேஸ் முடிஞ்சுது. கூட்டம் அடங்கினப்புறம், சுமார் 2 நிமிஷம் தள்ளி ஸ்டார்ட் ஆகும். சாஃப்ட்வேரை அழிச்சுப் போட வேண்டிய அவசியம் என்ன?

1068 வந்தா நம்ம சர்வீஸ் மேல தப்பே இல்லை. அது நம்பியிருக்கிற வேற ஏதோ சர்வீஸ் எழுந்திருக்கலை. நிறைய பேக்கப் சாஃப்ட்வேர் தன்னோட கணக்குப் புத்தகத்தை ஒரு எஸ்கியூஎல் சர்வர்ல வெச்சிருக்கும். அந்த எஸ்கியூஎல் படுத்துக்கிட்டா இது எப்படி எழுந்திருக்கும்? சர்வீஸோட ப்ராப்பர்ட்டீஸ்ல "டிபெண்டென்சீஸ்"னு ஒரு டேப் இருக்கு. அதுல யாரை நம்பியிருக்குன்னு வரிசையா போட்டிருக்கும். மாடு நொண்டிக்கிட்டு நிக்குது, நாம வண்டியை மாத்திக்கிட்டு இருக்கோம்.

1069 வந்தா லாகின் தோல்வி. அந்த சர்வீஸ் எந்த அக்கவுண்ட் பேர்ல ஓடணுமோ அதோட பாஸ்வேர்ட் மாறியிருக்கும், இல்லை அக்கவுண்ட்டே பூட்டியிருக்கும், இல்லை "சர்வீஸா லாகின் பண்ணலாம்"ங்கற உரிமை போயிருக்கும்.

இதுக்கு மேல விவரம் வேணும்னா ஈவன்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ்ல சிஸ்டம் பகுதிக்குப் போய், சர்வீஸ் கண்ட்ரோல் மேனேஜர் எழுதி வெச்சிருக்கிறதைப் பாருங்க. 7000ன்னா ஸ்டார்ட் ஆகலை. 7009ன்னா நேரம் தாண்டிடுச்சு. 7001ன்னா நம்பியிருந்தவன் கை விட்டுட்டான். 7038ன்னா லாகின் ஆகலை. 7041ன்னா உரிமை இல்லை. 7034ன்னா ஓடிக்கிட்டிருந்தது திடீர்னு செத்துடுச்சு. தேதியும் நேரமும் போட்டு எழுதியிருக்கும். ஒரு போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டை இதைவிடத் தெளிவா யார் குடுப்பா?

மந்திரம் 1: ரீஇன்ஸ்டால்

"ஆனா ரீஇன்ஸ்டால் பண்ணினா சரியாயிடுதே!"ன்னு நீங்க கேக்கலாம். நல்ல கேள்வி. ஏன் சரியாகுதுன்னு பாப்போம்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு லேப். பேர் வேண்டாம். பேக்கப் சர்வீஸை ஒரு ஸ்டாஃப் அக்கவுண்ட் பேர்ல ஓட விட்டிருந்தாங்க. ஜூன்ல பாஸ்வேர்ட் மாத்தினாங்க. சர்வீஸ் அப்பவே சாகலை. ஓடிக்கிட்டிருக்கிற சர்வீஸ் பழைய லாகினோடயே ஓடிக்கிட்டிருக்கும், அடுத்த தடவை ஸ்டார்ட் ஆகுறப்போதான் பாஸ்வேர்டைக் கேக்கும். ஆகஸ்ட்ல ஒரு அப்டேட், ஒரு ரீபூட். 1069. ரெண்டு மாசம் முன்னாடி பண்ணின வேலைக்கு இப்போ பலன் வருதுன்னு யாருக்குத் தோணும்?

ரீஇன்ஸ்டால் பண்ணினாங்க. இன்ஸ்டால் ஆகுறப்போ பாஸ்வேர்ட் கேட்டுச்சு, புதுசைப் போட்டாங்க, ஸ்டார்ட் ஆயிடுச்சு. அவங்க நினைச்சது, "சாஃப்ட்வேர் கரப்ட் ஆயிருந்தது, புதுசா போட்டதும் சரியாயிடுச்சு." நடந்தது என்னவோ பாஸ்வேர்ட் மாறினது மட்டும்தான். ப்ராப்பர்ட்டீஸ்ல "லாக் ஆன்" டேப்ல ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்க வேண்டிய வேலை.

போனது ஒரு மணி நேரம்தானேன்னு விட்டுடலாமா? விட முடியாது. புதுசா போட்டதுல பழைய செட்டிங் எல்லாம் போயிடுச்சு. முன்னாடி சி டிரைவும் டி டிரைவும் பேக்கப் ஆகும். இப்போ சி மட்டும். பசங்களோட ப்ராஜெக்ட் இருந்தது டியில. சர்வீஸ் என்னவோ ஜம்முனு ஓடிக்கிட்டுதான் இருந்தது. மார்ச்ல டிஸ்க் போனப்போதான் தெரிஞ்சுது. ரெண்டு பேட்ச் எடுத்து வெச்சிருந்த சோதனை அளவீடுகள் அதுல இருந்தது. வைவாவுக்கு மூணு வாரம்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். சில சாஃப்ட்வேர்ல எந்தத் தேதி பேக்கப் எந்த ஃபைல்ல இருக்குங்கற கேட்டலாக்கும் அன்இன்ஸ்டாலோட சேர்ந்து போயிடும். பேக்கப்பைப் பூட்டின சாவியைத் தனியா எடுத்து வைக்காம அழிச்சீங்கன்னா, பீரோ இருக்கும், சாவி இருக்காது. ரீஇன்ஸ்டால் கடைசி வழியா இருக்கலாம். முதல் வழியா இருக்கவே கூடாது.

மந்திரம் 2: அட்மின் உரிமை குடுத்துடு

"லோக்கல் சிஸ்டம் அக்கவுண்ட்டுக்கு மாத்திடு, ஓடும்." ஓடும்தான். அதுலதான் வினையே.

லோக்கல் சிஸ்டம்ங்கறது அந்த மெஷினுக்குள்ள சர்வ வல்லமை படைச்ச அக்கவுண்ட். ஆனா நெட்வொர்க்ல வெளிய போறப்போ அது அந்தக் கம்ப்யூட்டரோட பேர்லதான் போகும். உங்க பேக்கப் போய்ச் சேர வேண்டிய என்ஏஎஸ் பெட்டி அந்தப் பேருக்கு அனுமதி குடுக்கலைன்னா கதவு திறக்காது. நீங்க "இசட் டிரைவ்"னு மேப் பண்ணி வெச்சிருக்கிறதும் உங்க லாகினுக்கு மட்டும்தான் தெரியும், சர்வீஸ் கண்ணுக்குத் தெரியாது. ஆக சர்வீஸ் "ரன்னிங்"னு காட்டும், ராத்திரி ஒரு பைட்டுகூட பேக்கப் ஆகாது. ஸ்டார்ட் ஆகாத சர்வீஸாவது உண்மையைச் சொல்லுச்சு. இப்போ அது பொய் சொல்ல ஆரம்பிச்சிருக்கு.

இன்னும் கொஞ்சம் தைரியசாலிகள் டொமைன் அட்மின் பாஸ்வேர்டையே போட்டுடறாங்க. 2023 மார்ச்ல வீம் பேக்கப் சாஃப்ட்வேர்ல ஒரு பெரிய ஓட்டை வெளிய வந்தது. சர்வருக்குள்ள சேமிச்சு வெச்ச பாஸ்வேர்டுகளை லாகினே இல்லாம வெளியாள் எடுக்கலாம்ங்கற ஓட்டை. அதை அடைக்கிற பேட்ச் வந்தப்புறமும், போடாத இடங்கள்ல திருட்டுக் கும்பல்கள் புகுந்தது. அந்தப் பெட்டிக்குள்ள டொமைன் அட்மின் பாஸ்வேர்ட் இருந்தா என்ன ஆகும்? வாட்ச்மேன்கிட்ட வீட்டுச் சாவி, லாக்கர் சாவி, வண்டிச் சாவி எல்லாத்தையும் குடுத்துட்டு நிம்மதியாத் தூங்குற கதைதான்.

சரியான வழி என்ன? பேக்கப்புக்குன்னு தனி அக்கவுண்ட். அதுக்கு எவ்வளவு உரிமை தேவையோ அவ்வளவு மட்டும். பாஸ்வேர்ட் மாறுறதுதான் தலைவலின்னா, சாஃப்ட்வேர் ஒத்துழைக்கிற இடத்துல, விண்டோஸ் சர்வர் 2012ல வந்த குரூப் மேனேஜ்டு சர்வீஸ் அக்கவுண்ட்டைப் போடலாம். வழக்கமா 30 நாளுக்கு ஒருதடவை தானே பாஸ்வேர்ட் மாத்திக்கும், மனுஷன் கை வைக்கவே வேண்டாம்.

இதுலயே ஒரு வேடிக்கை. "சர்வீஸா லாகின் பண்ணும் உரிமை"யை நீங்க அந்த மெஷின்ல குடுப்பீங்க. சர்வீஸ் ஓடும். காலரைத் தூக்கி விட்டுக்குவீங்க. அப்புறம் குரூப் பாலிசி புதுப்பிக்கப்பட்டு, அந்த உரிமையை மேலிடத்துப் பட்டியல்படி மாத்தி எழுதிடும். ஓடிக்கிட்டிருக்கிறதால ஒண்ணும் தெரியாது. அடுத்த மாசம் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் அப்டேட் வரும், ரீபூட் ஆகும், மறுபடி 7041. "மாசாமாசம் இதே ரோதனை, சாஃப்ட்வேரே மட்டம்"னு திட்டுவீங்க. குரூப் பாலிசியிலேயே ஒருதடவை சேத்திருந்தா முடிஞ்சிருக்கும்.

மந்திரம் 3: ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணு

ஆன்டிவைரஸ் பேக்கப் ப்ரோக்ராமைத் தடுக்கிறது உண்டு, மறுக்கலை. அதுக்குத் தீர்வு அந்த ஒரு ப்ரோக்ராமுக்கு மட்டும் விலக்கு குடுக்கிறது. மொத்தமா ஆஃப் பண்றது இல்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, பேக்கப் சர்வீஸ் எப்பவும் தானா சாகுறதில்லை, கொல்லவும் படலாம். 2018ல தலைகாட்டின ரியூக் ரான்சம்வேர் டேட்டாவைப் பூட்டுறதுக்கு முன்னாடி ஒரு பட்டியல் வெச்சுக்கிட்டு சர்வீஸ்களை நிறுத்தும். அந்தப் பட்டியல்ல ஆன்டிவைரஸோட பிரபலமான பேக்கப் சாஃப்ட்வேர்களோட சர்வீஸ் பேர்களும் உண்டு. 2017 மே மாசம் உலகத்தையே கலக்கின வானாக்ரை விண்டோஸோட ஷேடோ காப்பிகளை அழிச்சுட்டுப் போச்சு. திருடனுக்குத் தெரியுது பேக்கப்தான் முதல் எதிரின்னு. நமக்குத்தான் தெரியலை! பேக்கப் சர்வீஸ் காரணமில்லாம நின்னு, அதை ஓட வைக்க நீங்களே ஆன்டிவைரஸை ஆஃப் பண்றீங்கன்னா, திருடனுக்குக் கதவைத் திறந்து விட்டு டார்ச்சும் அடிக்கிறீங்க.

நேரமில்லைன்னு சொல்றவங்களுக்கு

"உனக்கென்னப்பா, நீ ஸ்டூடண்ட். நூறு மெஷினைப் பாத்துக்கிற அட்மினுக்கு லாக் படிக்க நேரம் ஏது?" இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஒத்தை ஆளா நெட்வொர்க், பிரிண்டர், புரொஜெக்டர் எல்லாம் பாத்துக்கிட்டு, திட்டும் வாங்கிக்கிட்டு இருக்கிறவங்க நிறைய. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. ஈவன்ட் வியூவர்ல அந்த எண்ணைப் பாக்க 2 நிமிஷம். ரீஇன்ஸ்டால் ஒரு மணி நேரம், அதுவும் மாசாமாசம். நேரமில்லாதவங்கதான் முதல்ல லாக்கைப் படிக்கணும்.

உண்மையில நான் அதிகமாக் கோபப்படுறது அட்மின் மேல இல்லை. இந்தச் சாஃப்ட்வேர் எழுதுறவங்க மேல. காசு வாங்கிக்கிட்டு விக்கிற பொருள். அதுக்கு இருக்கிற ஒரே வேலை நம்பிக்கை. நிறைய இடத்துல எச்சரிக்கை மெயிலை அனுப்புறது யாருன்னு பாத்தா, அதே பேக்கப் சர்வீஸ்! செத்தவன் தன் சாவுச் சேதியைத் தானே எப்படிச் சொல்லி அனுப்புவான்? சர்வீஸோட "ரெகவரி" டேப்ல "செத்தா மறுபடி ஸ்டார்ட் பண்ணு"ன்னு வெச்சாலும், அது ஓடிக்கிட்டிருக்கிறப்போ கிராஷ் ஆனாத்தான் உதவும். 1069 மாதிரி ஸ்டார்ட்டே ஆகலைன்னா அது கண்டுக்காது.

அதனால நாமதான் விதியைத் திருப்பிப் போடணும். "மெயில் வரலைன்னா எல்லாம் நல்லா இருக்கு"ன்னு நினைக்கிறதுதான் ஜிட்லேப்புக்கு நடந்தது. "பேக்கப் ஆயிடுச்சு"ன்னு தினமும் ஒரு மெயில் வரணும். ஒருநாள் வரலைன்னா அதுதான் அலாரம். இன்னும் நல்லது, வேற ஒரு மெஷின் தினமும் போய் "கடைசி பேக்கப் ஃபைல் தேதி என்ன?"ன்னு கேக்கணும். சர்வீஸ் ஓடுதான்னு கேக்கக்கூடாது, பேக்கப் ஃபைலோட தேதியைக் கேக்கணும். முன்னதுக்கு அது பொய் சொல்லும்.

கடைசியா ஒண்ணு. சர்வீஸ் "ரன்னிங்"னு வந்ததும் நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்திருக்காதீங்க. அது வேலை முடிஞ்ச இடம் இல்லை, பாதி வழி. அன்னிக்கு ராத்திரி பேக்கப் ஓடட்டும். மறுநாள் அதுல இருந்து ஒரே ஒரு ஃபைலை வேற ஃபோல்டருக்கு ரீஸ்டோர் பண்ணுங்க. திறந்து பாருங்க. உள்ள எழுத்து இருக்கான்னு பாருங்க. இருந்தா சர்வீஸ் சரியாயிடுச்சு. அதுவரைக்கும் ஆகலை.

ஃபைனல் இயர் மக்களே, இது அட்மின் சமாச்சாரம்னு விட்டுடாதீங்க. உங்க ப்ராஜெக்ட் இருக்கிற லேப்புல போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "சார், போன வாரம் நான் சேமிச்ச ஃபைலை பேக்கப்புல இருந்து எடுத்துக் காட்ட முடியுமா?" எடுத்துக் குடுத்தா அவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க. முழிச்சார்னா, மறு பேச்சுப் பேசாம ஒரு பென் டிரைவ் வாங்குங்க :-)

டிஸ்கி: "நான் எல்லாம் கிளவுட்ல வெச்சிருக்கேன்"னு சிரிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. உங்க மெஷின்ல இருந்து கிளவுடுக்கு அனுப்புறதும் பின்னாடி ஓடுற ஒரு ப்ரோக்ராம்தான். அது இன்னிக்கு ஓடுதான்னு பாத்தீங்களா?